கண்ணை மூட மறுக்கும் மாணவி: ஓர் ஆசிரியையின் கேள்விக்கு விளக்கம்

ராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடம் பகுதியிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: “காலை இறைவணக்கத்துக்குப் பிறகு மாணவர்களை ஐந்து நிமிடம் கண்மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்கிறோம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கண்ணை மூட மறுக்கிறாள், வற்புறுத்தினால் அழுகிறாள். அவளை எப்படிப் பழக்குவது?”

டீச்சர், முதலில் வற்புறுத்துவதை நிறுத்திவிடுங்கள். உங்கள் ஊர் மீனவக் குடும்பங்களில், அப்பா விசைப்படகில் போயிருக்கும் நாளில், அவர் கரை திரும்பும்வரை வீட்டில் யாருக்கும் நிம்மதியான உறக்கம் இருக்காது; படகு சிறைபிடிக்கப்பட்ட செய்திகளைக் கேட்டே வளர்ந்த பிள்ளை கண்ணை மூடினால், அமைதிக்குப் பதிலாக அந்தப் பயமே முன்னால் வந்து நிற்கக்கூடும். உங்கள் மாணவியின் காரணம் இதுதான் என்று நான் சொல்லவில்லை. அவளிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள் என்கிறேன்.

இந்தப் பயிற்சிக்குக் கண்ணை மூடியே ஆக வேண்டும் என்பதில்லை. பள்ளி மணியை ஒருமுறை அடித்து, அதன் ஓசை முழுவதும் அடங்கும்வரை கேட்கச் சொல்லலாம். வெறுங்காலில் மணல் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று கவனிக்கச் சொல்லலாம். விருப்பமில்லாத பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கட்டும்.

பிரிட்டனில் 85 பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், மைண்ட்ஃபுல்னெஸ் எனும் இந்தக் கவனப் பயிற்சியை வகுப்பு முழுவதற்கும் கற்பித்ததால் மாணவர்களின் மனநலம் மற்றப் பள்ளிகளைவிட மேம்பட்டதாகத் தெரியவில்லை; ஆனால் அதைக் கற்றுக்கொடுத்த ஆசிரியர்களின் பணிச்சோர்வு, சிறிது காலத்துக்கேனும், குறைந்திருந்தது. ஆகவே நீங்களே முதலில் தொடங்குங்கள். திருத்த வேண்டிய நோட்டுகள், எமிஸ் எனும் கல்வித்துறை இணையதளத்தில் பதிவேற்றம் என்று ஓடிக்கொண்டிருக்கும் ஆசிரியரின் குரலில் உள்ள பதற்றத்தைப் பிள்ளைகள் உடனே கண்டுகொள்கிறார்கள். வகுப்புக்குள் நுழையுமுன் வாசலில் நின்று மூன்று முறை நிதானமாக மூச்சு விட்டுப் பாருங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அழுகை வாரக்கணக்கில் நீடித்தாலோ, உறக்கமும் சாப்பாடும் குறைந்தாலோ மூச்சுப் பயிற்சி போதாது; ஆலோசகரோ மருத்துவரோ பார்க்க வேண்டும். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் மாண்டதைப் பார்த்த மாவட்டம் இது; மனநலம் என்ற சொல்லே பல வீடுகளை அச்சுறுத்தும். அதனால் அம்மாவிடம் பேசும்போது, “பிள்ளை ராத்திரி நன்றாகத் தூங்குகிறாளா?” என்று தொடங்குங்கள். டெலிமானஸ் எனும் அரசின் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம், நீங்களும் உங்களுக்காக அழைக்கலாம்.