அளவுகள் ஊர்விட்டு ஊர் போகவேண்டும்

(திருகோணமலையில் உயர்தர விஞ்ஞான மாணவர்களிடம் ஆற்றிய உரை)

அன்பான பிள்ளைகளே, ஆசிரியர்களே,

2004 டிசம்பர் 26. சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் நிலம் பிளந்தபோது, அப்போதைய நம் நேரப்படி காலை ஏழு மணி ஆகிக்கொண்டிருந்தது. அலை நம் கிழக்குக் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. கிண்ணியாவிலும் மூதூரிலும் என்ன நடந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். நான் பேச வந்தது அந்த இரண்டு மணித்தியாலத்தைப் பற்றி.

ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால்மணி நேரத்தில் முதல் அறிக்கையை அனுப்பிவிட்டது. அதில் போட்டிருந்த நிலநடுக்க அளவு 8.0. பிற்பாடு உறுதியானது 9.1. எண்ணில் சின்ன வித்தியாசம்தான், ஆனால் சக்தியில் ஏறத்தாழ 45 மடங்கு. அவர்களைக் குறைசொல்ல முடியாது. பிளவு 1,200 கிலோமீற்றருக்கும் மேல் நீண்டது, ஓடி முடிக்கவே எட்டு, பத்து நிமிடம் ஆனது. முதல் அதிர்வுகளை மட்டும் வைத்து அதன் முழு அளவைக் கண்டுகொள்வது கடினம். சரி, கடலையாவது பார்க்கலாம் என்றால், உடனுக்குடன் தகவல் அனுப்பும் கடல்மட்ட அளவுமானிகள் இந்தியப் பெருங்கடலில் அவர்களுக்குப் போதிய அளவு இருக்கவில்லை. எந்த நாட்டில் யாருக்குச் சொல்வது என்ற ஏற்பாடும் இல்லை. பசிபிக்கில் இருந்தது. 1960இல் சிலியில் எழுந்த அலை ஜப்பான் வரை போய் ஆட்களைக் கொன்றபிறகு, அங்குள்ள நாடுகள் 1965இல் கூடிச் செய்த ஏற்பாடு அது.

9.1 என்ற எண்ணும் ஒரு நாட்டுக் கருவியில் பிறந்ததல்ல. உலகெங்கும் பதிவான அதிர்வுகளையும், நிலம் எவ்வளவு நகர்ந்தது என்று காட்டிய ஜிபிஎஸ் அளவுகளையும் சேர்த்துவைத்துக் கணக்குப் போட்டார்கள். ஒருவர் கணக்கை இன்னொருவர் திருத்தினார்.

அடுத்து நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். இப்படி ஓர் அலை முன்பும் வந்ததா? தாய்லாந்தின் பிரா தோங் தீவில் ஒரு குழு குழிதோண்டிப் பார்த்தது. 2004 மணலுக்குக் கீழே கரிய மண், அதற்குக் கீழே இன்னொரு மணற்படை. ஆனால் புயலும் கடல்மணலை உள்ளே தள்ளும். ஒரு குழியை வைத்துக்கொண்டு சுனாமிதான் என்று அடித்துச் சொல்ல முடியுமா? ஐந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால், சுமாத்திராவின் ஆச்சேயில் வேறொரு குழுவும் தோண்டியது. தாவரத் துண்டுகளின் கார்பன் காலக்கணிப்பில் இரண்டு இடத்து மணலும் ஏறத்தாழ 600, 700 ஆண்டுகளுக்கு முந்தியவை என்று தெரிந்தது. 2008இல் இரண்டு கட்டுரைகளும் ஒரே இதழில் வெளிவந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோதுதான் அந்த மணல் முழுக் கதையையும் சொன்னது. அப்புறம் நம் அம்பாந்தோட்டையில் கரகன் களப்பிலும் துளையிட்டுப் பழைய மணற்படைகளைக் கண்டார்கள்.

2005 ஜனவரியில் இலங்கை ஆய்வாளர்களும் வெளிநாட்டவரும் சேர்ந்து நம் கரைகளில் சுவர்களில் இருந்த நீர்த்தடத்தை அளந்தார்கள். அலையை நேரில் கண்டவர்களிடமும் கேட்டார்கள். தப்பிப் பிழைத்தவர்கள் சொன்னதும் தரவுதான். அதை நான் மிகப் பெரிய விசயமாக நினைக்கிறேன்.

பிறகு இந்தியப் பெருங்கடலுக்கும் ஓர் எச்சரிக்கை அமைப்பு வந்தது. திருகோணமலையிலும் கடல்மட்ட அளவுமானி வைத்தார்கள். 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது, நம் கரையோர மக்களுக்கு முன்கூட்டியே செய்தி வந்தது. அன்று நிலத்தட்டு பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை.

அளந்ததை அலுமாரியில் பூட்டிவைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. நீங்கள் அப்படி இருக்காதீர்கள். நிலாவெளியில் கரை எவ்வளவு அரிக்கிறது, புறாமலையில் முருகைக்கல் எங்கே வெளுத்திருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். திகதி, இடம், எதால் அளந்தீர்கள், எந்த அளவு பிழைத்துப்போனது, எல்லாம் கொப்பியில் இருக்கட்டும். கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். மூதூர்ப் பிள்ளைகள் எழுதியதையும் வாங்கி, உங்களுடையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.