அறுவை முடிந்தது, அறிக்கை வரவில்லை: இடைப்பட்ட நாட்கள்

(காட்சி: கடலூர் பேருந்து நிலையம், காலை நேரம்)

வணக்கம். மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் பயாப்சி ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பவர்களுக்கும், அவர்களோடு சேர்ந்து காத்திருக்கும் வீட்டாருக்கும் இந்தக் காணொளி. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்து ஏறிப் போய், கோரிமேட்டு ஜிப்மரிலோ வேறொரு மருத்துவமனையிலோ வரிசையில் நின்று, "இன்னும் வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்ற பதிலோடு திரும்பும்போது, 'ஏதோ பெரிதாக இருப்பதால்தான் தாமதிக்கிறார்களோ' என்ற எண்ணமே முதலில் எழும். என் அக்காவும் அப்படித்தான் கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதில் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறது.

(காட்சி: மெழுகுக் கட்டி, கண்ணாடித் தகடு, நுண்ணோக்கி)

அகற்றப்பட்ட திசுவை முதலில் ஃபார்மலினில் ஊற வைக்கிறார்கள். பின்னால் ஹார்மோன் ஏற்பிகளை, அதாவது புற்றணுவில் ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்களை, சோதிக்க வேண்டியிருப்பதால், இது 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும். பிறகு நோய்க்குறியியல் மருத்துவர் அதை அளந்து, ஓரங்களில் மை பூசி, துண்டுகளாக எடுக்கிறார். அவை ஆல்கஹாலில் நீர் நீக்கப்பட்டு, மெழுகில் பதிக்கப்பட்டு, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 250இல் ஒரு பங்கு கனமுள்ள சீவல்களாகச் சீவப்பட்டு, சாயம் ஏற்றப்பட்ட பிறகே நுண்ணோக்கிக்கு அடியில் வருகின்றன. அந்த மையைப் புற்றணு தொடுகிறதா என்பதைப் பார்த்துத்தான் கட்டி முழுவதும் எடுபட்டதா என்று சொல்கிறார்கள். அக்குளிலிருந்து எடுத்த நிணநீர் முடிச்சுகளையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

இத்துடன் வேலை முடிவதில்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, புற்றணுவைப் பெருகத் தூண்டும் ஹெர்-2 என்ற புரதம் ஆகிய மூன்றுக்குமான சோதனை சிலருக்கு அறுவைக்கு முன்பே ஊசி பயாப்சியில் நடந்திருக்கும். மற்றவர்களுக்கு இப்போதுதான் நடக்கும். ஹெர்-2 முடிவு 3+ என்றால் அது மிகுதியாக இருக்கிறது, 0 அல்லது 1+ என்றால் இல்லை என்று கொள்வார்கள். 2+ என்றால் இரண்டில் எதுவென்று உறுதியாகவில்லை என்பதே பொருள். அதைத் தீர்க்க 'ஃபிஷ்' என்ற மரபணுச் சோதனைக்கு அனுப்புவார்கள், மேலும் சில நாட்கள் ஆகும். ஆகவே நாள் தள்ளிப்போவதை வைத்து நோயின் அளவைக் கணிக்க முடியாது. அறுவைப் புண் ஆறிய பிறகே அடுத்த சிகிச்சையைத் தொடங்குவார்கள் என்பதால், இந்த நாட்கள் பெரும்பாலும் அந்தச் சில வாரங்களுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

எனவே வீடு திரும்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த ரிப்போர்ட் எப்போது வரும், வரவில்லை என்றால் யாரை அழைக்க வேண்டும், பயாப்சி எண் என்ன? அந்த எண்ணை நோட்டில் எழுதி வைத்திருந்தால், வீணாகப் பேருந்து ஏறாமல் தொலைபேசியிலேயே விசாரிக்கலாம்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். அதில் 'கிரேடு 3' என்று இருப்பதை 'ஸ்டேஜ் 3' என்று படித்துவிட்டுக் கலங்கிப்போகிறவர்கள் உண்டு. கிரேடு என்பது அணுக்களின் தோற்றமும் அவை பெருகும் வேகமும். ஸ்டேஜ் என்பது நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது. இரண்டும் வேறு.

(காட்சி: வீட்டுத் திண்ணையில் கையை மெல்ல உயர்த்தும் பெண்)

டிரெயின் குழாய் இருந்தால், ஒவ்வொரு நாளும் எவ்வளவு நீர் வடிகிறது என்று அளந்து எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் குழாயை எப்போது எடுப்பது என்று மருத்துவர் முடிவு செய்வார். சொல்லிக்கொடுத்த கைப்பயிற்சியை விடாமல் செய்யுங்கள், தோள் இறுகிப்போகாது. காய்ச்சல், காயத்தில் சிவப்பு, திடீர் வீக்கம் ஆகியவற்றுக்கு அடுத்த தேதி வரை பொறுத்திருக்கக் கூடாது.

விசாரிக்க வரும் உறவினர்களின் அன்பு உண்மையானது. ஆனாலும் "ரிப்போர்ட் வந்ததா" என்ற ஒரே கேள்விக்கு நாளைக்குப் பத்து முறை பதில் சொல்வது நோயாளிக்குப் பெரும் பாரம். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். வந்ததும் நானே சொல்கிறேன் என்று எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்பினேன். மாலையில் நடக்க முடிந்த அளவுக்கு அக்காவும் நானும் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடந்தோம், நோயைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினோம்.

இரவில்தான் மனம் அதிகம் அலையும். தூக்கம் பல நாட்கள் கெட்டுவிட்டால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நடு இரவில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.