முன்னால் ஒரு பல் குறைத்தேன்: கொல்லிமலையில் டியூக் 390 பைக்

வணக்கம் நண்பர்களே. இப்போது கொல்லிமலை மேலே, சோளக்காடு என்கிற ஊரில் நிற்கிறேன். அடிவாரத்தில் காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தாயிற்று. பின்னால் என் மனைவி, டேங்க் மேல் ஒரு பை. வண்டி ஒரு இடத்தில்கூடத் திணறவில்லை.

போன முறை இதே வண்டி, இதே ஆட்கள், இதே பாதை. பாதி வளைவுகளில் கை கிளட்சிலேயே இருந்தது. ஃபர்ஸ்ட் கியரில் இன்ஜின் கத்தும், செகண்ட் போட்டால் உதறும், செயின் கடகடவென்று அடிக்கும். டியூக் 390 ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும், 3000 ஆர்பிஎம்முக்கு, அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்றுக்குக் கீழே இந்த இன்ஜின் பிடிவாதம் பிடிக்கும். ஊருக்குத் திரும்பியதும் ஒரே ஒரு பொருளை மாற்றினேன். செயின் ஓடுகிற பல்சக்கரத்தைத்தான் ஸ்ப்ராக்கெட் என்பார்கள். முன்னால் இருந்த 15 பல் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றிவிட்டு 14 பல் போட்டேன். அவ்வளவுதான்.

இதோ, கேமராவைக் கீழே காட்டுகிறேன். பின்னால் 45 பல், இது கம்பெனி போட்டதுதான். 45ஐ 15ஆல் வகுத்தால் 3. அதாவது முன் ஸ்ப்ராக்கெட் மூன்று சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. இப்போது 45ஐ 14ஆல் வகுங்கள், 3.21 வரும். வித்தியாசம் 7 சதவீதம். கியர் சைக்கிளில் மேடு ஏறும்போது முன்னால் சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றுவோமே, அதே கணக்கு. மிதி லேசாகும், ஆனால் அதிகம் மிதிக்க வேண்டும்.

7 சதவீதம் என்ன பெரிதா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் மலையில் பாருங்கள். செகண்ட் கியரில் 25 கிலோமீட்டர் வேகத்தில் வளைவுக்குள் நுழைந்தால் முன்பு சுமார் 3200 ஆர்பிஎம், இப்போது சுமார் 3450. இன்ஜின் உதறுவதற்கும் இழுப்பதற்கும் நடுவில் இருக்கிற கோட்டைத் தாண்ட அந்த 250 போதும். ஃபர்ஸ்டுக்குப் போகாமலே திரும்பிவிடலாம். நான் இதைச் செய்ததே அதற்காகத்தான்.

இங்கே நிறையப் பேர் குழம்புகிற விஷயம் ஒன்று. ஸ்ப்ராக்கெட் மாற்றினால் பவர் அதிகமாகாது. இன்ஜின் கொடுக்கிற குதிரைத்திறன் அதேதான், அதை எந்த வேகத்தில் எப்படிச் செலவு செய்கிறோம் என்பது மட்டும்தான் மாறுகிறது. மலையில் கிடைத்த இழுவைக்கு ஹைவேயில் விலை கொடுக்கிறேன். ஆறாவது கியரில் 6000 ஆர்பிஎம்மில் போன வேகத்துக்கு இப்போது 6400க்கு மேல் வேண்டும். சத்தம் கூடுகிறது, கைப்பிடியில் அதிர்வு கூடுகிறது, பெட்ரோலும் கொஞ்சம் கூடத்தான் செலவாகும். சேலத்திலிருந்து சென்னைக்கு வாரா வாரம் போகிறவர் என்றால் இதைச் செய்யாதீர்கள், மனதாரச் சொல்கிறேன்.

அப்படியென்றால் முன்னால் 16 பல் போட்டால் டாப் ஸ்பீடு ஏறுமா? பெரும்பாலும் ஏறாது. டாப் கியரில் காற்றைக் கிழித்துக்கொண்டு போக இன்ஜினுக்குத் தெம்பு வேண்டும். அது பத்தாவிட்டால் ஆர்பிஎம் கீழேயே நின்றுவிடும், அப்போது ஐந்தாவது கியரில்தான் அதிக வேகம் வரும். நிதானமாக ஒரே வேகத்தில் போகிறவருக்கு வண்டி அமைதியாக ஓடும், அந்த லாபம் உண்மை.

பின்னால் மாற்றலாமே என்று கேட்பீர்கள். மாற்றலாம். ஆனால் முன்னால் ஒரு பல் குறைப்பதும் பின்னால் மூன்று பல் கூட்டுவதும் ஏறக்குறைய ஒன்று. 48ஐ 15ஆல் வகுத்துப் பாருங்கள், 3.2. பின் ஸ்ப்ராக்கெட் விலை அதிகம், சக்கரத்தைக் கழற்ற வேண்டும், செயின் நீளமும் பத்தாமல் போகலாம். ஆனால் நுணுக்கமாக, ஒரு பல், இரண்டு பல் என்று ஏற்ற நினைத்தால் அதுதான் வழி. முன்னால் 13 வரை இறங்குவதை மட்டும் நான் ஆதரிக்கவே மாட்டேன். செயின் ரொம்பச் சின்ன வட்டத்தில் மடங்கும், பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்ம் மேல் இருக்கும் ரப்பரில் உரசும், இரண்டும் சீக்கிரம் தேயும்.

வேலையில் ஒரு சங்கதி. முன் ஸ்ப்ராக்கெட்டின் போல்ட்டைச் செயின் மாட்டியிருக்கும்போதே லூஸ் பண்ணிவிடுங்கள், ஒருவர் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்கட்டும். செயினைக் கழற்றிய பிறகு போல்ட்டைத் திருப்பினால் ஸ்ப்ராக்கெட்டும் சேர்ந்து சுற்றும். ஸ்ப்ராக்கெட் கழன்றுவிடாமல் பிடிக்கிற பூட்டு வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் மடக்கி விட்ட வாஷர், சிலவற்றில் ஒரு பிளேட்டும் இரண்டு சின்ன போல்ட்டும்.

ஒரு பல் குறைந்ததும் செயின் தொங்கும். சக்கரத்தை நாலு மில்லிமீட்டர் அளவுக்குப் பின்னால் தள்ள வேண்டியிருக்கும். ஸ்விங் ஆர்மில் இரண்டு பக்கமும் இருக்கிற அளவுக் கோடு சமமாக இருக்கிறதா என்று பாருங்கள், ஆக்சில் நட்டை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்குங்கள்.

முந்தைய வண்டியில் நான் பட்ட அனுபவம் ஒன்று. ஒரு கடையில் பழைய செயினையே வைத்துக்கொண்டு புது ஸ்ப்ராக்கெட் மட்டும் மாட்டிக் கொடுத்தார்கள், நானும் சரி என்றேன். நீண்டுபோன செயின் புதுப் பல்லையெல்லாம் சீக்கிரமே தின்றுவிட்டது, பல் ஒவ்வொன்றும் கொக்கி மாதிரி வளைந்துவிட்டது. பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசியில் செயினை விரலால் பின்பக்கம் இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் அந்தச் செயின் முடிந்தது, மொத்த செட்டையும் மாற்றுங்கள்.

ஸ்பீடோமீட்டர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன் சக்கரத்திலிருந்து வேகத்தை எடுக்கிற வண்டியில் எதுவும் மாறாது. கியர்பாக்ஸிலிருந்து எடுக்கிற வண்டியில் 7 சதவீதம் கூடுதலாகக் காட்டும், ஓடாத கிலோமீட்டரும் மீட்டரில் ஏறும். மாற்றும் முன் உங்கள் வண்டி எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, டீ குடித்தாயிற்று, இறங்கப் போகிறோம். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் எனக்கு இந்த 14 பல் அதிகம் பிடித்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டாலே இன்ஜின் பிடித்து நிறுத்துகிறது, பிரேக்குக்கு வேலை குறைகிறது. கேமராவை ஹெல்மெட்டில் மாட்டிக்கொள்கிறேன். செகண்ட் கியரிலேயே இறங்குகிறேன், மீட்டரில் ஆர்பிஎம்மைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்.