சம்ப்புக்குள் ஒரு தூங்குமூஞ்சி

நேயர்களுக்கு வணக்கம்.

வேளச்சேரியில் நாங்கள் குடியிருக்கும் அபார்ட்மென்ட்டில் நாலு பிளாக், தரைக்கடியில் நாலு தண்ணீர்த் தொட்டி, அதாவது சம்ப். கோடை வந்தால் லாரித் தண்ணீர்தான். எந்த சம்ப்பில் எவ்வளவு இருக்கிறது என்று வாட்ச்மேன் அண்ணன் ராத்திரியில் டார்ச்சும் மூங்கில் கழியுமாகச் சுற்றி வருவார். ‘இதை ஒரு சென்சார் பார்த்துக்காதா?’ என்று அசோசியேஷன் கூட்டத்தில் வாயை விட்டேன். வேலை என் தலையிலேயே விழுந்தது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் சென்சாரும் வைஃபை போர்டும் வாங்கி வந்து மாட்டினேன். ஐந்தாம் நாள் பேட்டரி படுத்துவிட்டது. “சார், அடிக்கடி மூடியத் தூக்கி பேட்டரி மாத்தறதுக்கு என் கழியே தேவலாம்” என்றார் அண்ணன்.

அவர் சொன்னது நியாயம்தான். வைஃபை என்பது நாம் சினிமா பார்ப்பதற்காக உருவானது. ஒவ்வொரு முறை விழித்ததும் ரவுட்டரைத் தேடி, பாஸ்வேர்ட் சொல்லி, முகவரி வாங்கி, அப்புறம்தான் பேசும். அதுவரை நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சொல்லப்போவதோ ‘நாலடி தண்ணீர்’ என்ற ஒரு எண், இரண்டு பைட். எலுமிச்சம்பழம் வாங்க லாரி பிடித்த கதை.

பேட்டரியில் வருஷக்கணக்கில் ஓட வேண்டிய கருவிக்குத் தூங்கத் தெரிய வேண்டும். எழுந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி படுத்துவிட வேண்டும். ஸ்மார்ட் பல்புகள் பேசிக்கொள்ளும் ஜிக்பீ என்ற வயர்லெஸ் முறை அப்படித் தூங்கும், ஆனால் அதுவும் வைஃபை மாதிரி 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுவது. இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டுவதற்குள் திணறும். நடுவில் கைமாற்றிவிடும் கருவிகளோ தூங்கவே கூடாது, பிளக்கில் செருகியே இருக்க வேண்டும். வீட்டுக்குள் பல்பு எரிக்க அது போதும்.

எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று என்பி-ஐஓடி. 2016-இல் தரப்படுத்தப்பட்டது, சிம் போட்டு செல்போன் டவரிலேயே பேசும். ஊர் முழுக்க மீட்டர் வைப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். நாலு சம்ப்புக்கு நாலு சிம், நாலு கட்டணம் என்றால் எங்கள் பொருளாளர் விடமாட்டார். இன்னொன்று லோரா, குறைந்த பேட்டரியில் வெகுதூரம் பேசும் வயர்லெஸ் முறை. பிரான்ஸில் கிரனோபிள் ஊரில் பிறந்தது. இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். மொட்டை மாடியில் சொந்தமாக ஒரு கேட்வே, அதாவது சென்சார்கள் சொல்வதை வாங்கி இன்டர்நெட்டுக்கு அனுப்பும் பெட்டி, வைத்தால் முடிந்தது. சொந்தமாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். சிக்ஃபாக்ஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் இதே வேலைக்குத் தன் நெட்வொர்க்கையே வாடகைக்கு விட்டது. 2022 ஜனவரியில் அது கடன் தாங்காமல் கோர்ட் படியேறியபோது, வாடிக்கையாளர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்திருப்பார்கள். பிறகு சிங்கப்பூர் கம்பெனி ஒன்று அதை வாங்கியது.

லோரா பத்து கிலோமீட்டர் போகும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அந்த தூரம் சும்மா வராது. எட்டாத இடத்துக்குப் பேச அது மெதுவாக, இழுத்து இழுத்துப் பேசும். பத்து பைட் செய்தியை அதிவேகப் படியான எஸ்எஃப்-7-இல் அனுப்பினால் சுமார் 62 மில்லி செகண்ட். மிக மெதுவான படியான எஸ்எஃப்-12-இல் அதே செய்திக்கு ஏறக்குறைய ஒன்றரை செகண்ட். இருபது மடங்குக்கு மேல்! பேட்டரியும் அந்தக் கணக்கில்தான் கரையும்.

எங்கள் மூன்றாம் பிளாக் சம்ப் மட்டும் எஸ்எஃப்-12-லேயே கத்திக்கொண்டிருந்தது. கேட்வேயோ நேர் மேலே, ஐந்து மாடி உயரத்தில். கேட்வேயைக் கழற்றிப் பார்த்தேன், ஆன்டெனாவை மாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. அண்ணன்தான் காலால் தட்டிக் காட்டினார்: மற்ற மூன்றுக்கும் ஃபைபர் மூடி, இதற்கு மட்டும் இரும்பு மூடி. அரையடி பிவிசி பைப்பில் ஆன்டெனாவை வெளியே எடுத்தேன். அன்று சாயங்காலமே எஸ்எஃப்-7-க்கு இறங்கிவிட்டது.

இரண்டு கோடை தாண்டியும் அதே பேட்டரிதான். கழி இப்போது மோட்டார் ரூம் மூலையில் சாய்ந்திருக்கிறது; லாரிக்காரர் வரும் அன்று மட்டும் அண்ணன் அதை எடுத்து, அவர் கண் முன்னால் விட்டுப் பார்க்கிறார்.

நன்றி, வணக்கம்.