கத்தரிக்காய் செய்யாத குற்றம்

நேயர்களுக்கு வணக்கம்.

தோலில் கரப்பான் கண்ட எட்டு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும், பால் கொடுக்கும் தாய், நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்: "கத்தரிக்காயை நிறுத்திவிட்டேன் டாக்டர், கருவாடு இல்லை, முட்டையும் இல்லை." கூட வந்த பாட்டி, "கரப்பானைக் கிளப்பும் பண்டம் எதுவும் வீட்டுக்குள் வருவதில்லை" என்று சாட்சி சொல்வார். குழந்தையின் கன்னங்களோ சிவந்து, நீர் கசிந்தபடி அப்படியேதான் இருக்கும். இளைத்துப் போனது தாய்தான்.

நாம் கரப்பான் என்று சொல்லும் எக்ஸிமா என்ற தோல் நோயில் கோளாறு பெரும்பாலும் தோலிலேயே இருக்கிறது. மண்பானையில் நீர் கசிவதுபோல இவர்களின் தோலிலிருந்து ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. சோப்பும் தூசும் எளிதில் உள்ளே நுழைகின்றன. தோலை இறுக்கமாக வைத்திருக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறைபாடு பலருக்கு இதன் பின்னால் இருப்பதை 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். சாப்பிட்ட சிறிது நேரத்தில் தடிப்போ வாந்தியோ வரும் குழந்தைக்கு உணவு ஒவ்வாமை இருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். மற்றபடி கத்தரிக்காயைக் குற்றம் சொல்லாதீர்கள், பாவம். கரப்பான் தொற்றும் நோயும் அல்ல.

நான் முதலில் விசாரிப்பது குளியலறையை. கொதிக்கக் கொதிக்க வெந்நீர், பயத்தமாவு போட்டு அழுத்தித் தேய்ப்பு, கடைசியில் சாம்பிராணிப் புகை. பாட்டியின் அன்பில் குறையில்லை. இந்தத் தோல்தான் அதைத் தாங்காது. வெதுவெதுப்பான நீரில் ஐந்து பத்து நிமிடம் போதும். ஒற்றித் துடைத்து, ஈரம் காய்வதற்குள் வாசனை சேர்க்காத ஈரப்பதக் களிம்பைத் தடவுங்கள். இதை அழகுச் சாதனம் என்று எண்ணிப் பொட்டளவு வைப்பவர்களே அதிகம். உடல் முழுக்கக் கரப்பான் உள்ள குழந்தைக்கு வாரத்துக்கு 250 கிராம்கூடச் செலவாகும்.

சிவப்பையும் அரிப்பையும் தணிக்க மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டு களிம்பு என்றதும் பயப்படுகிறார்கள். அதே வீட்டில், மருந்துக் கடையில் சும்மா கேட்டு வாங்கிய, பல மருந்துகள் கலந்த கூட்டுக் களிம்பை, அதில் ஸ்டீராய்டு இருப்பது தெரியாமலே மாதக்கணக்கில் முகத்தில் பூசிக்கொள்வார்கள். எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். மருத்துவர் தந்த களிம்பைப் பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடு வரை பிதுக்கினால் அரை கிராம். அது பெரியவரின் விரல்களோடு சேர்த்த இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்குப் போதும். எந்த வீரியம், எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொன்னபடி செய்தால் அஞ்ச வேண்டியதில்லை.

பெரியவர்களுக்குக் கைகளில்தான் தொல்லை. இடது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகள் மட்டும் வெடித்திருந்தால், "பூண்டு நிறைய உரிப்பீர்களா?" என்று கேட்பேன். வலது கையில் கத்தி, இடது கையில் பூண்டு! "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று வியப்பார்கள். பாத்திரம் துலக்க ரப்பர் கையுறை போட்டால், உள்ளே பருத்திக் கையுறையும் இருக்கட்டும். வியர்வையே அரிப்பைக் கிளப்பும்.

தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினால் கிருமி சேர்ந்துவிட்டது என்று பொருள், தாமதிக்காமல் காட்டுங்கள். காய்ச்சலோடு ஒரே அளவில் கொப்புளங்கள் கொத்துக்கொத்தாக எழும்பினால், அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நன்றி, வணக்கம்.