மேலே கொடுத்த மனு

நேயர்களுக்கு வணக்கம்.

குலசேகரத்துக்குப் பக்கத்தில் என் மைத்துனருக்குக் கொஞ்சம் ரப்பர் மரங்கள் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு மழை இரவில், கொட்டகையில் காயப்போட்டிருந்த ஷீட்டுகளை யாரோ பூட்டை உடைத்து அள்ளிப் போய்விட்டார்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்துவிட்டு, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டார். நாளைக்கு வரச் சொன்னார்கள். நான்கு நாள் அப்படியே நடந்தார். பிறகு நாகர்கோவிலுக்கு வந்து காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் இன்னொரு மனு கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து அழைப்பு வந்தது, அதே நிலையத்திலிருந்து. அதே ஏட்டு, அதே மேசை. மேசைமேல் அவர் நாகர்கோவிலில் கொடுத்த மனு, ஓரத்தில் 'தக்க நடவடிக்கைக்கு' என்ற குறிப்போடு. ஏட்டு கோபப்படவில்லை. "மேலே கொடுத்தால் கீழேதானே அண்ணாச்சி வரும்" என்று சிரித்தாராம்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. நாகர்கோவிலுக்கு மேலே திருநெல்வேலியில் டி.ஐ.ஜி., மதுரையில் தென்மண்டல ஐ.ஜி., சென்னையில் டி.ஜி.பி., கோட்டையில் உள்துறைச் செயலாளர், அதற்கும் மேலே முதலமைச்சர். எந்தப் படியில் கொடுத்தாலும் காகிதம் உருண்டு வந்து விழும் இடம் ஒன்றுதான்.

இதை மாற்றத்தான் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. மனுதாரர் வெளியாள் அல்லர், உத்தரப் பிரதேசத்தில் டி.ஜி.பி.யாக இருந்தவர். மாநிலப் பாதுகாப்பு ஆணையம், டி.ஜி.பி.க்கு இரண்டாண்டுப் பதவிக்காலம், புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரிப்பது என்று பல உத்தரவுகள். எனக்கு முக்கியமாகப் படுவது, போலீஸ்காரர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் காவல் புகார் ஆணையம். மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை தாங்க வேண்டும் என்றது தீர்ப்பு. தமிழ்நாடு 2013இல் சட்டம் இயற்றியது. அதில் மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், மாவட்டத்துக்கு ஆட்சியர். கூட உறுப்பினர்கள் யார் தெரியுமா? காவல் அதிகாரிகளே.

நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். ஆட்சியர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, நல்லவர்கள் பலரிடம் வேலை செய்திருக்கிறேன். ஆனால் அவர்கள் நாள் எப்படிப் போகிறது என்று பார்த்திருக்கிறேன். மண்டைக்காடு கொடைக்குப் பந்தோபஸ்து, கடற்கரை ஊர்களில் சமாதானக் கூட்டம், ஆக்கிரமிப்பு அகற்றம், தேர்தல். ஒவ்வொன்றுக்கும் ஆட்சியர் பக்கத்து நாற்காலியில் எஸ்.பி. இருப்பார். இருந்தாக வேண்டும், இல்லையென்றால் மாவட்டம் ஓடாது. காலையில் தோளோடு தோள் உட்கார்ந்தவரின் ஆட்களை மதியம் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது மனிதருக்குச் சுலபமா? ஓய்வுபெற்ற நீதிபதிகள் எல்லாரும் உத்தமர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அவருக்கு அடுத்த வாரம் பந்தோபஸ்து தேவைப்படாது.

வருவாய்த் துறைக்கும் போலீசுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே, கும்பெனி ஆட்சியில் வரி வசூலித்த தாசில்தாரே போலீசுக்கும் தலைவர். வரி கட்டாதவனை அடிக்கிற கையும் திருடனை அடிக்கிற கையும் ஒன்றாகவே இருந்ததை 1855ஆம் ஆண்டுச் சித்திரவதை விசாரணை ஆணையம் எழுத்தில் வைத்தது. அதன் பிறகே 1859இல் மாவட்டக் காவல் சட்டம் வந்து இரண்டையும் பிரித்தது. கணவாய்க்கு இந்தப் பக்கம் திருவிதாங்கூரிலும் தாசில்தார் கையில் போலீஸ் அதிகாரம் வெகுகாலம் இருந்தது.

பிரித்ததைத் திரும்ப ஒட்ட வேண்டிய நிலையும் வந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்ட தந்தையும் மகனும் இறந்த பிறகு, விசாரிக்கப் போன நீதித்துறை நடுவருக்கே நிலையத்தில் ஒத்துழைப்புக் கிடைக்கவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தக் காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது. செய்தியைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இல்லை. தடயத்தைக் காக்க வேறு கதியில்லாமல் போனதே என்றுதான் இருந்தது.

நம் மாவட்டத்து ஆட்களுக்கு 1954 ஆகஸ்ட் 11 மறக்காது. தமிழகத்தோடு சேர வேண்டும் என்று போராடியவர்கள்மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு. நாம் அப்போது இருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளை, அவரது பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. தன் கட்சி அரசே பதவி விலக வேண்டும் என்று லோகியா கேட்டார். அரசு விலகவில்லை. கட்சிதான் பிளந்தது. தட்டிக் கேட்க ஒரு தனி மனிதரின் மனசாட்சியை நம்பியிருந்த காலம் அது.

இன்று சட்டத்தில் ஒரு பிரிவைத் திருத்தினால் போதும். ஆட்சியர் பெயர் இருக்கும் இடத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி, அவருக்கென்று இரண்டு விசாரணை ஆட்கள், காவல் வளாகத்துக்கு வெளியே ஒரு அறை. தக்கலையிலிருந்தோ களியக்காவிளையிலிருந்தோ பஸ் ஏறி வருகிறவர் யாரிடமும் வழி கேட்டு நிற்காதபடி ஒரு பெயர்ப்பலகை.

மைத்துனரின் ஷீட்டுகள் கிடைக்கவில்லை. சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் ஒருவழியாகக் கிடைத்தது. அதில் போட்டிருந்தது அவர் முதன்முதலில் மனுவோடு போன தேதி அல்ல. ஏட்டு சிரித்த அன்றைய தேதி.

வணக்கம்.