டோக்கியோ 1991: பதக்கத்துக்கு ஒரு கணக்கு, சாதனைக்கு ஒரு கணக்கு

அனைவருக்கும் வணக்கம். 1991 டோக்கியோ உலகத் தடகளப் போட்டி என்றதும் பலருக்கு 100 மீட்டர்தான் நினைவுக்கு வரும். கார்ல் லூயிஸ் 9.86 விநாடி, உலக சாதனை. அந்த ஓட்டத்தில் ஆறு பேர் 10 விநாடிக்குள் வந்தார்கள். அதை விட்டுவிடுவோம். ஐந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 30 அன்று நடந்த நீளம் தாண்டுதல் இறுதிச்சுற்றின் முடிவுத்தாளை இன்று பிரித்துப் படிக்கலாம்.

லூயிஸின் ஆறு தாண்டல்கள்: 8.68, ஃபவுல் (செல்லாத தாண்டல்), 8.83, 8.91, 8.87, 8.84. மைக் பவல்: 7.85, 8.54, 8.29, ஃபவுல், 8.95, ஃபவுல். நான்கு முறை 8.80 மீட்டருக்கு மேல் தாண்டியவருக்கு வெள்ளி; ஒரே ஒரு முறை தாண்டியவருக்குத் தங்கம். அதுவரை தொடர்ச்சியாக 65 போட்டிகளில் வென்றிருந்தவர் லூயிஸ். வெண்கலம் லாரி மைரிக்ஸ், 8.42. நம் தூத்துக்குடி மாவட்டத்து ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023இல் தேசிய சாதனையாகத் தாண்டியதும் இதே 8.42தான்.

இனி முடிவுத்தாளில் தூரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காற்றுக் கணக்கைப் பாருங்கள். லூயிஸின் 8.91க்கு முதுகுக் காற்று விநாடிக்கு 2.9 மீட்டர். 2.0க்கு மேல் போனால் சாதனைப் பட்டியலில் ஏறாது. ஆனால் பதக்க வரிசைக்குச் செல்லும். அதனால்தான் நான்காவது சுற்று முடிவில் லூயிஸ் முன்னிலையில் இருந்தார், பாப் பீமன் 1968இல் படைத்த 8.90 உலக சாதனையும் அப்படியே இருந்தது. ஐந்தாவது சுற்றில் பவல் 8.95 தாண்டியபோது காற்று வெறும் 0.3. 23 ஆண்டுச் சாதனை அங்கே போனது. பதிலுக்கு லூயிஸ் தாண்டிய 8.87தான் என் கணிப்பில் அவருடைய உண்மையான உச்சம்: அது 0.2 எதிர்க்காற்றில் வந்தது. பீமன் 1968இல் மெக்சிகோ நகரத்தில் தாண்டியபோது காற்று சரியாக 2.0, அதுவும் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே, காற்று மெலிந்த இடத்தில்.

பயிற்சியாளர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. இருவரும் எழும்பும் பலகைக்கு வந்த வேகம் ஏறக்குறைய ஒன்றே, விநாடிக்கு 11 மீட்டர். பவல் எழும்பிய கோணம் 23 பாகை, லூயிஸ் 8.91இல் எழும்பியது 18 பாகை அளவில். கோணத்தைக் கூட்டினால் முன்வேகம் குறையும், அதுதான் விலை. கடைசிக்கு முந்தைய அடியில் இடுப்பைச் சற்றுத் தாழ்த்தி, கடைசி அடியைக் குறுக்கி வைத்தால் அந்த விலை கட்டுப்படியாகும். உயரம் வேண்டுமென்று காலை உடம்புக்கு வெகு முன்னே குத்தினால் அது பிரேக் போட்டதுபோல் ஆகிவிடும். பள்ளி மைதானங்களில் தினமும் பார்க்கிற பிழை இது. முதுகுக் காற்றில் அடி நீளும், கால் பலகையைக் கடந்துபோய் ஃபவுல் கூடும். அப்போது ஓட்டம் தொடங்கும் குறியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும்.

நடுவர்களுக்கு ஒரு வார்த்தை. காற்றுமானி தாண்டுகோட்டிலிருந்து 20 மீட்டர் தள்ளி, 1.22 மீட்டர் உயரத்தில், ஓடுபாதையிலிருந்து 2 மீட்டருக்குள் நிற்க வேண்டும். வீரர் 40 மீட்டர் குறியைக் கடந்ததிலிருந்து 5 விநாடிக்கு அளவெடுக்க வேண்டும். குறைந்த தூரம் ஓடுபவருக்கு, அவர் ஓடத் தொடங்கியதிலிருந்து. தூரத்தில் சென்டிமீட்டருக்குக் கீழே வரும் பின்னத்தை விட்டுவிட வேண்டும், மேலே ஏற்றக் கூடாது.

இதெல்லாம் சில்லறைச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 1995இல் இத்தாலியின் செஸ்ட்ரியேரில் கியூபாவின் இவான் பெட்ரோசோ 8.96 தாண்டினார். காற்று 1.2 என்று பதிவானது. பவலின் சாதனை ஒரு சென்டிமீட்டரில் போயிருக்க வேண்டும். ஆனால் காற்றுமானியை மறைத்துக்கொண்டு ஒருவர் நின்றது தெரியவந்து, அந்தத் தாண்டல் சாதனையாக ஏற்கப்படவில்லை.